ரெண்டாவது ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஜே

அன்றைக்கு என் ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. இன்ஜின் வேலைக்குப் பரமக்குடியிலிருந்து வந்துபோகும் மெக்கானிக் பாண்டி. காருக்குச் சொந்தக்காரர் ஜமால் பாய். காரைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த வரதன் சார். தன் லோடு ஆட்டோவின் கதவுக்கு அடித்த பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்த இன்னாசி அண்ணன். ஆக ஆறு பேர். ஜாக்கியில் கட்டிப் போட்டிருந்த செல்வியின் ஆட்டைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராக எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் பேச்சு வந்தபோது, பாண்டி தான் டீக்கடையில் இருந்ததாகச் சொன்னான். செல்வி, அடுப்பில் குழம்பு இருந்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். ஜமால் பாய் போனில் பேசிக்கொண்டிருந்தாராம். அவர்கள் சொல்வதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் நானும் ஆடும் மட்டும்தான் இருந்திருக்கிறோம்.

கார் நடு ஷெட்டில் நின்றது. டிக்கியின் மூடி தூக்கியிருந்தது. வரதன் சார் கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய ஷூ இரண்டும்தான். இன்னாசி அண்ணன் ஆட்டோக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, சும்மா போகிற போக்கில் டிக்கிப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் நின்றுவிட்டார்.

“ஏப்பா முனியசாமி, எங்க வீட்டு அடையாளத்த எதுக்குய்யா இதுல போட்டு வச்சிருக்க?”

நான் உடனே காருக்கு அடியில் தெரிந்த ஷூவைப் பார்த்தேன்.

உப்புக் காற்றில் டிங்கர் வேலை

நான் கவலைப்படுவது பெரிய செய்தி இல்லை. இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். ஒரு நட்டை முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். முறுக்கினேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். முறுக்கித்தான் இருக்கும். அதிகமாக முறுக்கிவிட்டோமோ என்று அதன் பிறகு சோற்றில் கை வைக்கத் தோன்றாது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டோம். அதன் பிறகு டிங்கர் வேலை, பெயின்ட் வேலை. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இந்த ஷெட்டைப் போட்டு வெகுகாலமாகிறது.

ராமேஸ்வரம் தீவில் தகர வேலை பார்க்கிறவனுக்கு வேலைக்குப் பஞ்சமே வராது. இரண்டு பக்கமும் கடல். உப்பு தானாக வந்து தகரத்தைத் தின்னும். அது தின்றது போக மீதியில் நான் ஒட்டுப் போடுவேன். அது அந்த ஒட்டைத் தின்ன ஆரம்பிக்கும். உப்பும் நானும் ஒரு வகையில் கூட்டு வியாபாரம்.

அதனால் எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதிதான். வண்டி வந்தால் முதலில் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவு, உப்புத்தாள் போட்டுத் தேய், பழைய பெயின்ட் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் வெறும் தகரம் தெரிய வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு, பட்டி, பெயின்ட். பழைய பெயின்டை விட்டு வைத்தால் அதற்கு அடியில் துரு உட்கார்ந்திருக்கும் என்பதுதான் என் படிப்பு.

இந்தப் படிப்பைத் தலைகீழாக்க வந்தது ஜமால் பாயின் கார்.

அழிக்கக் கூடாதவை

கீழக்கரைப் பக்கத்து ஆள் ஜமால் பாய். துபாயில் நெடுநாள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் கப்பல் சரக்கு வியாபாரி. ஊரில் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். ஊரில் முதலில் வந்த நாலைந்து கார்களில் ஒன்று அவருடையது. கறுப்பு நிறம், குண்டு உடம்பு. அந்த நாளில் ஜனங்கள் காரைப் பிளசர் என்பார்கள். கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கடிதம் போடுவார்கள். அந்தக் கவலை வேறு எனக்கு எதற்கு?

லாரியில் ஏற்றி, பாலம் தாண்டிக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கும்போதே சொல்லிவிட்டார்.

“முனியசாமி, சென்னையில பழைய காருங்களுக்கு ஒரு கண்காட்சி நடக்குது. இதை அங்க நிறுத்தணும். ஒரே குடும்பத்துக் காரா இருக்கணும். ஒரு நாளும் வாடகைக்கு ஓடியிருக்கக் கூடாது. அப்புறம் பேக்டரியில போட்ட அடையாளம் எல்லாம் அப்படியே இருக்கணும். இந்த மூணும் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க.”

“மொத ரெண்டும் நம்ம கையில இல்ல பாய்.”

“அதப் பத்திக் கவலைப்படாதீங்க. எங்க வாப்பா காரை அடுத்தவன் தொடக்கூட விட மாட்டாஹ. வாடகையா? வெள்ளிக்கிழமை ஆனா தொழுகைக்குப் போறதுக்கு முன்னாடி காருக்குச் சாம்பிராணி போடுவாஹ. டிக்கியைத் தொறந்து வச்சு, உள்ள எல்லாம் பொகை போகும்படி போடுவாஹ. அப்பேர்ப்பட்ட மரியாதை.”

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அறுபது வயது ஆள். அந்தப் புகைக்குள் நிற்கிற சிறுவன் மாதிரி ஆகிவிட்டார்.

பேக்டரி அடையாளம் என்றால் என்ன என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. சேஸ் நம்பர் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லையாம். பின் ஆக்சிலில், நட்டை முறுக்கியாகிவிட்டது என்பதற்காக ஒருவன் மஞ்சள் பெயின்டைத் தீற்றியிருப்பான். டேஷ்போர்டுக்குப் பின்னால் இன்னொருவன் நீலச் சாக்பீஸில் ஒரு எண்ணைக் கிறுக்கியிருப்பான். வேலை பார்த்தவன் சாயங்காலமே மறந்துபோன தீற்றல்கள். அவை இருந்தால் கார் தங்கம், இல்லாவிட்டால் தகரம்.

நான் அதுவரை எத்தனை வண்டிகளில் எத்தனை தங்கத்தைத் தேய்த்துத் தள்ளியிருப்பேன் என்று நினைத்ததில் இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை.

நட்டில் மஞ்சள் பொட்டு வைத்தவனை மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. முறுக்கினேனா, முறுக்கினேனா என்று கவலைப்படுகிற ஆள் நான் மட்டுமில்லை போலிருக்கிறது.

ஜே

டிக்கி மூடியின் உள்பக்கத்தில் பழைய ரப்பர்த் தாளைப் பிய்த்தபோதுதான் அது வெளியே வந்தது. வெள்ளை எனாமலில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைவு. பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி.

படம் எடுத்து அனுப்பியதும் வரதன் சார் மறுநாளே ரயிலேறி வந்துவிட்டார். பழைய கார்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறவர். மெலிந்த மனிதர், நல்ல மனிதர், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார். டிக்கிக்குள் தலையை விட்டவர் ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

“இங்கிலீஷ் ஜே” என்றார். “கடைசியாப் பாத்து அனுப்புற இன்ஸ்பெக்டர் போடுற எழுத்து. பக்கத்துல ரெண்டு புள்ளி பாருங்க. ரெண்டாவது ஷிஃப்ட். எங்கேயும் பார்த்ததில்லை. அபூர்வம்.”

ஜமால் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஜே. என் பேரோட மொத எழுத்து. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இதுல என் பேரு இருந்திருக்கு சார்.”

டிக்கியின் தரையில் தார் பூசிய மூலைகளில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. சார் அதையும் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். கம்பெனிக்காரர்கள் தாரோடு மைக்கா கலந்திருக்கிறார்களாம். அதுவும் அபூர்வம்.

எனக்கு உள்ளே ஒன்று உறுத்தியது. டிக்கித் தரை அரித்திருந்த விதம் சரியில்லை. உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். இது உள்ளிருந்து, தண்ணீர் தேங்கித் தின்றது. ஆனால் ஏழாம் வகுப்பு எப்படிச் சென்னையிடம் வாய் திறக்கும்? தவிர, சார் சந்தோஷமாக இருந்தார். ஒருவர் சந்தோஷமாக இருக்கும்போது துருவைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அதன் பிறகு அந்த ஜேயைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாகிவிட்டது. சுற்றிலும் டேப் ஒட்டி, அதன் மேல் துணி, துணிக்கு மேல் அட்டை. மூடியின் மற்ற இடமெல்லாம் தேய்த்து பெயின்ட் அடித்தேன். ஒருநாள் டேப்பை எடுத்துப் பார்த்தால் கீழ்ப் புள்ளி கொஞ்சம் இளைத்தது போலத் தெரிந்தது. என் கை பட்டதோ? புள்ளி போனால் முதல் ஷிஃப்ட் ஆகிவிடுமோ?

செல்வி எட்டிப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா? ஈர்க்குச்சியில கொஞ்சம் வெள்ளையைத் தொட்டு வச்சா முடிஞ்சிச்சு.”

“அடியே, அது மோசடி.”

“வாசல்ல தெனம் அம்பது புள்ளி வைக்கிறேன். ஒரு நாளு கை நடுங்கியிருக்கா? ஒத்தப் புள்ளிக்கு நீங்க இப்புடி வேர்க்குறீக.”

நான் தொட விடவில்லை. இளைத்த புள்ளி இளைத்தபடியே இருந்தது.

ஷூவுக்கு மேலே

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கடைசிச் சோதனை. வரதன் சார் பார்த்துச் சரி என்றால் மறுநாள் கார் சென்னைக்கு லாரியேறும். மஞ்சள் தீற்றலைப் பார்க்க அவர் அடியில் போயிருந்த நேரத்தில்தான் இன்னாசி அண்ணன் அப்படிக் கேட்டார்.

அவர் பாம்பன்காரர். எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் மீன் வியாபாரம். இப்போது லோடு ஆட்டோவில் ஐஸ் ஏற்றுகிறார். காது கொஞ்சம் மந்தம், ஆகவே குரல் பெரிது. கடலுக்குள் பேசுகிற குரல்.

பாண்டி ஓடிவந்து ஷூவைக் காட்டி, வாயில் விரல் வைத்தான். “அண்ணே, மெதுவா. அது கம்பெனிக்காரன் போட்டது.”

“எந்தக் கம்பெனி?”

“காரு செஞ்ச கம்பெனி.”

“அவுக எதுக்குய்யா எங்க அடையாளத்தப் போடுறாக? எங்களுக்கு அவுக என்ன ஒறவுமொறை?”

“என்ன அடையாளம்ணே?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“தூண்டி முள்ளுடா. எங்க அய்யாவுக்கு வெறும் முள்ளு. மூத்தவன் ஒத்தப் புள்ளி வச்சுக்கிட்டான். நான் ரெண்டாவது, ரெண்டு புள்ளி. வலையில கட்டுற மிதப்பு, துடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாத்துலயும் இதான் போடுவோம். கரையில அம்புட்டுப் பேரு பொருளும் ஒண்ணாக் கெடந்தா எது யாருதுன்னு எப்புடித் தெரியும்?”

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைக் கண்ணால் காட்டி, “எறக்கினா பாதியில நிக்கணுமே?” என்றார். பாண்டி இறக்கினான். பாதியில் நின்றது. அவ்வளவு வேலை பார்த்தும் எங்களுக்குச் சரியாக வராதது அது ஒன்றுதான்.

“ஹாஜியார் பிளசருல்ல இது!” முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. “அப்ப ஏது ரோட்டுப் பாலம்? அக்கரையில மண்டபத்துலதான் ஏத்துவோம். மீன் ரயிலு தப்பிப் போச்சுன்னா இந்த வண்டிதான். விடியிறதுக்குள்ள பரமக்குடிச் சந்தை. கூடை ஏத்துறவனுக்கு எழுத்துத் தெரியாதுல்ல, எந்த வண்டி யாரு வண்டின்னு தெரியணும்ல? அதான் அடையாளம். வெளியில போட்டா மருவாதை போயிரும், மூடிக்கு உள்ள போட்டுக்கன்னாக ஹாஜியார். தொறந்து நின்னா என் வண்டி. மூடிட்டா அவுக வண்டி.”

பாண்டி கிரீஸ் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

நான் ஜமால் பாயைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

“எங்க வாப்பாவா? மீனா ஏத்துனாஹ?”

“தம்பி யாரு?”

“அவுஹ மகன்.”

“அடடே! வெளியூரு பெரிய பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளையா? உங்களுக்குப் பணம் கட்டுற மாசம் வந்துட்டா ஹாஜியாரே ஆளு விடுவாகளே, இன்னாசி, நடை எதுவும் இருக்கான்னு. கப்பல் யாவாரம் படுத்துப்போன நேரம் பாருங்க. வெள்ளிக்கிழமை வந்துட்டா மனுசன் தவிப்பாரு, பள்ளிவாசலுக்கு முன்னாடி இந்த வாடையோட எப்புடி நிப்பாட்டுறதுன்னு. நாந்தான் எங்க கோயிலுக்கு வாங்குற சாம்பிராணியில ஒரு பொட்டணம் கொண்டாந்து குடுத்தேன். டிக்கியைத் தொறந்து போட்டுப் பாருங்க ஹாஜியாரேன்னேன். நல்லாக் கேட்டுச்சு!”

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அது சிரிப்பா, வேறு எதுவுமா என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணன் குனிந்து தார் மூலையை நகத்தால் சுரண்டினார். “இங்கன பாரு, வெளமீன் செதிலு இன்னும் ஒட்டியிருக்கு.”

மைக்கா.

அதற்குள் அவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துவிட்டார். “தேடி வந்த மாதிரி ஆச்சு. கடைசி நடைக்கு வாடகை நிக்கிது தம்பி. முப்பத்தஞ்சு ரூபா. அன்னைக்கு மீனு வெலை போகல. இந்தாங்க, அம்பதா இருக்கு, மிச்சம் குடுங்க.”

ஐம்பது ரூபாய்த் தாள் காருக்கு முன்னால் நீண்டது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் நின்றது; வாடகை என்ற சொல் மட்டும் காருக்கு அடியில் போய்விட்டது. ஷூ இரண்டும் அசைந்தன. முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. டார்ச்சோடு வரதன் சார் எழுந்து நின்றார்.

“யார் சார் இவர்? வாடகைன்னு என்னவோ சொன்னாரே?”

ஆடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டது. உண்மையைச் சொன்னால் கார் போச்சு. பொய் சொன்னால், நானும் அதில் கூட்டு. அந்த அடையாளத்தை நானே வரைந்தேன் என்றுகூட நாளைக்குச் சொல்வார்கள். இளைத்த புள்ளியை வேறு யார் நம்புவார்கள்?

ஜமால் பாய் டிக்கி மூடியைப் பார்த்தார். நீட்டிய தாளைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

“எங்க கார் வாடகைக்கே ஓடுனதில்லையேண்ணே. அப்புறம் ஏது வாடகை?”

இன்னாசி அண்ணன் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண் இரண்டும் சுருங்கி, ஒரு சிரிப்பு வந்தது.

“அதுவுஞ் சரிதான் தம்பி.” தாளை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

வரதன் சாருக்கு வயதானவர்கள் என்றால் பிரியம். அண்ணனைத் தோளைப் பிடித்து டிக்கிக்கு அழைத்துப் போனார். “பெரியவரே, இதைப் பார்த்தீங்களா? கம்பெனியில ரெண்டாவது ஷிஃப்ட்ல வேலை பார்த்தவர் போட்டது.”

அண்ணன் வெள்ளை வளைவை விரலால் ஒருமுறை வருடினார்.

“ரெண்டாவதுங்கறது சரி சார்” என்றார்.

பொட்டணம்

சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். பிளாஸ்டிக் கவர் பத்திரமாகச் சட்டைப் பையில் போனது. அண்ணன் ஆட்டோக் கதவை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பாண்டி டீக்கடைக்குப் போனான். இந்த முறை உண்மையாகவே போனான்.

ஜமால் பாய் மட்டும் போகவில்லை. நான் சாமான்களை அடுக்குகிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்தேன். டிக்கிக்குள் குனிந்து மோந்து பார்த்தார். புதுப் பெயின்ட் வாடை தவிர என்ன இருக்கும்? மறுபடி குனிந்தார். ரொம்ப ஆழத்தில் எதையோ தேடுகிற மாதிரி.

நிமிர்ந்தபோது கேட்டார். “முனியசாமி, வீட்டுல சாம்பிராணி இருக்கா?”

செல்வி கரண்டியில் நெருப்போடு கொண்டுவந்து கொடுத்தாள். தின்னர் டப்பா எல்லாம் திறந்து கிடக்கிற ஷெட்டில் நெருப்பு! நான் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அதனால் அவர் புகை போட்டதையும் அப்போது அவர் முகம் இருந்த விதத்தையும் நான் பார்க்கவில்லை. செல்வி பார்த்தாள். அதையும் அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பரவிய புள்ளிகள்

கார் சென்னையில் பரிசு வாங்கியது. டிக்கி மூடியின் படம், பழைய கார் பிரியர்களின் போன்களில் எல்லாம் சுற்றியது. அதன் பிறகு எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன.

“உங்ககிட்டதானே அந்த ஜே மார்க் கார் வந்தது? அளவு சொல்ல முடியுமா? என் காரில் அது எப்படியோ அழிஞ்சுபோச்சு.”

இல்லாதது எப்படி அழியும் என்று நான் கேட்கவில்லை. அளவும் சொல்லவில்லை. ஆனாலும் கோயம்புத்தூரில் ஒரு கார், மதுரையில் ஒரு கார் என்று தூண்டில் முள் ஏறிவிட்டதாகப் பாண்டி தகவல் கொண்டுவருகிறான். மதுரைக்காரர் இரண்டு புள்ளியும் கொழுகொழுவென்று வைத்திருக்கிறாராம். அது போலி என்று வரதன் சார் தள்ளிவிட்டாராம். அசலில் கீழ்ப் புள்ளி இளைத்திருக்க வேண்டுமாம்.

இன்னாசி அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“அம்புட்டு வண்டியும் எனக்குக் கூடை ஏத்தணும்டா. மண்டபத்துக்கு வரச் சொல்லு.”

சிரிப்பு அடங்கியதும், மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “அன்னைக்கு அவரு அப்புடிச் சொன்னப்ப உங்களுக்கு வருத்தமா இல்லையாண்ணே?”

“எதுக்குடா வருத்தம்? அந்தக் காசை அடுத்த வாரமே கொண்டுக்கிட்டுப் போனேன் ஹாஜியாருகிட்ட. வாசல்ல நின்னாக. உள்ள அந்த மகன் பய பள்ளிக்கூட லீவுக்கு வந்து நிக்கிறான். ஹாஜியார் சத்தமாச் சொன்னாக: ‘எங்க காரு வாடகைக்கே ஓடுனதில்லையே இன்னாசி. அப்புறம் ஏது வாடகை?’ அச்சு அசல் அதே பேச்சு. அதே கொரலு. நான் என்னத்தச் சொல்ல?”

ஆட்டோவைக் கிளப்பினார். புதுப் பெயின்ட் அடித்த கதவின் உள்பக்கத்தில், எனக்குத் தெரியாமல் எப்போதோ, முள்ளும் இரண்டு புள்ளியும் போட்டிருந்தார்.

பாக்கி, முப்பத்தைந்து ரூபாய்.